பங்கைக் கேட்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் சொத்துப் பிரச்சினை என்றாலே எல்லைக் கல்லும் வேலியும்தான் பேச்சில் வரும். எங்கள் குடும்பத்தில் எல்லைகள் ஒழுங்காக இருந்தன. மரணசாதனமும், அதாவது உயிலும், ஒழுங்காக இருந்தது. ஐயா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுத்தில் வைக்கிற மனிதர். நொத்தாரிசுவுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்து வைத்து முறைப்படி எழுதியிருந்தார். (நொத்தாரிசு இல்லாமல் எழுதுவதென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும், 1840ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அப்படித்தான் சொல்கிறது.) அதை நிறைவேற்றும் பொறுப்பை மூத்த மருமகனிடம், அதாவது என் அத்தானிடம், கொடுத்திருந்தார். தம்பி கனடாவில். நான் பள்ளிக்கூடம், பிள்ளைகள் என்று இருந்தேன். ஊரில் நின்று ஓடித் திரியக்கூடிய ஆண்பிள்ளை அத்தான்தான் என்று ஐயா நினைத்ததில் பிழை சொல்ல முடியாது.

மரணசாதனம் சிக்கலானதும் அல்ல. உரும்பிராயில் உள்ள தோட்டக்காணி, ஐயாவுக்குப் பரம்பரையாக வந்த முதுசம், தம்பிக்கு. பெரியகடையில் உள்ள சிறிய கடை அக்காவுக்கும் எனக்கும் சரி பாதி. வங்கியில் இருந்த நிலையான வைப்பு மூவருக்கும் சமமாக. யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் உள்ள வீட்டோடு ஐயா பின்னர் வாங்கிச் சேர்த்த துண்டுக் காணி அம்மாவுக்கு. இவ்வளவுதான்.

அந்தியேட்டி முடிந்து சில மாதங்களில் அத்தான் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்தார். பத்திரிகையில் அறிவித்தல் வந்தது, யாரும் ஆட்சேபிக்கவில்லை, புறோபேற் (மரணசாதனத்தை ஏற்று அதை நிறைவேற்ற நீதிமன்றம் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கிடைத்தது. அத்தான் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐயாவின் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். திறப்பு அவரிடம். அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை.

எதுவும் நடக்கவில்லை என்பதும் முழு உண்மையல்ல. கடை வாடகை மாதாமாதம் வந்தது, அத்தான் வாங்கினார். தோட்டக்காணியில் குத்தகைக்காரர் வெங்காயம் வைத்தார். குத்தகைக் காசையும் அத்தான் வாங்கினார். நாங்கள் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. நில அளவையாளருக்கு நேரமில்லை. பழைய உறுதி (காணிப் பத்திரம்) ஒன்று இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது, காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வேண்டும். தம்பி ஒரு தடவை வந்து போகட்டும். நல்லூர்த் திருவிழா முடியட்டும். இவற்றில் ஒன்றுகூட முழுப் பொய் இல்லை. அதுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம்.

வெளியில் நின்று பார்ப்பவர்களுக்கு "கேட்டால் என்ன?" என்று தோன்றும். அத்தானிடம் காசுக் கணக்குக் கேட்பது என்றால் அக்காவிடம் கேட்பது. அக்காவிடம் கேட்பது என்றால் அடுத்த நாள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பது. தம்பி தொலைபேசியில் கோபப்படுவான், பிறகு "எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம், அக்கா. காணி எங்கே ஓடிப்போகிறது?" என்பான். காணி ஓடாது, உண்மை. வாடகை ஓடும், வங்கி வட்டி ஓடும், சாட்சிகளுக்கு வயதாகும். பெரும்பாலான குடும்பங்களில் தாமதத்துக்குப் பாதிக் காரணம் பொறுப்பேற்றவர்; மறுபாதி மரியாதை கருதி வாய் மூடியிருக்கும் உரித்தாளர்கள். சட்டத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் சட்டம் என்றால் சண்டை என்றுதான் எங்கள் ஊரில் பொருள்.

முன்னாள் மாணவி ஒருத்தி இப்போது சட்டத்தரணி. அவளிடம் போய், எங்கள் பங்கை எப்படி வாங்குவது என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, "புறோபேற் எந்தத் திகதியில் கிடைத்தது?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "வழக்கிலக்கம்?" அதுவும் தெரியவில்லை.

"ரீச்சர், பங்கைக் கேட்காதீர்கள். கணக்கைக் கேளுங்கள். பங்கு கேட்டால் 'தருகிறேன்' என்று சொல்லி நாலு வருடம் இழுக்கலாம். கணக்குக் கேட்டால் இருக்கிறது, இல்லை என்ற இரண்டு பதில்தான்."

அவள் விளக்கிச் சொன்னதன் சாரம் இது. மரணசாதன நிறைவேற்றுநர் சொத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். நீதிமன்றம் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருக்கிறது. கடன் இருந்தால் கட்டி, வரவு இருந்தால் சேர்த்து, மிச்சத்தை உரியவர்களிடம் கொடுத்துவிட்டு, என்ன செய்தேன் என்று நீதிமன்றத்துக்கே கணக்குக் காட்ட வேண்டும். குடிசார் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 1889இல் வந்தது, அதன் 551ஆம் பிரிவு இதற்குக் காலமும் வைத்திருக்கிறது: புறோபேற் வழங்கப்பட்ட நாளில் இருந்து பன்னிரண்டு மாதம். அதற்குள், அல்லது நீதிமன்றம் நீடித்துக் கொடுக்கும் காலத்துக்குள், பற்றுச்சீட்டுகளோடு சத்தியம் செய்து இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆள் இறந்த நாளில் இருந்து எண்ணுவதல்ல இது. அதனால்தான் அவள் முதலில் திகதியைக் கேட்டாள்.

அடுத்த பிரிவு, 552, அதைவிடச் சுவையானது. ஓராண்டு கடந்த பிறகும் உரியவர்களுக்குச் சேர வேண்டிய காசைத் தன் கையில் வைத்திருக்கும் நிறைவேற்றுநர், தகுந்த காரணம் காட்டாவிட்டால், தன் சொந்தக் காசில் இருந்து வட்டி கட்ட வேண்டும். மரணச்சொத்தில் இருந்து அல்ல, தன் பொக்கற்றில் இருந்து. இப்படி ஒரு பிரிவு இருப்பது அத்தானுக்குத் தெரிந்திருந்தால் நில அளவையாளருக்கு எப்போதோ நேரம் கிடைத்திருக்கும்.

முதல் வேலை, வழக்கேட்டைப் பார்ப்பது. ஐயாவின் பெயரும் அவர் இறந்த திகதியும் போதுமாக இருந்தன. வழக்கைத் தேடி எடுத்துவிட்டார்கள். மரணசாதனம், புறோபேற், சொத்து விபரப் பட்டியல், வழக்கில் நாளுக்கு நாள் எழுதப்பட்ட குறிப்புகள் ஆகியவற்றுக்கு விண்ணப்பம் கொடுத்து, கட்டணம் கட்டி, சான்றுப்படுத்திய பிரதி எடுத்தோம். யாழ்ப்பாணம் முழுவதற்கும் ஒரே நீதிமன்றம் என்று நினைத்துக்கொண்டு ஒருவரும் அலைய வேண்டாம். பருத்தித்துறை, சாவகச்சேரி, மல்லாகம் என்று தனித்தனியாக இருக்கின்றன. இறந்தவர் எங்கே குடியிருந்தார், சொத்து எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அந்தப் பட்டியலை வீட்டில் வைத்து நிதானமாக வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. களவு ஒன்றும் அதில் இல்லை; ஆனால் அம்மாவின் சீதனக் காணி ஐயாவின் சொத்தாக எழுதப்பட்டிருந்தது. திருநெல்வேலி வளவு இரண்டு துண்டு. வீடு நிற்கும் துண்டு அம்மாவுக்கு அவருடைய பெற்றோர் சீதன உறுதி எழுதிக் கொடுத்தது. பக்கத்துத் துண்டுதான் ஐயா வாங்கியது. நடுவில் வேலி எடுத்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது; அத்தானுக்கு அது ஒரே வளவு. பட்டியலிலும் ஒரே வளவாகவே வந்துவிட்டது. கடையின் பெறுமதி இருந்தது, கடை வாடகை பற்றி ஒரு வரி இல்லை.

எங்கள் பக்கத்தில் இந்த இடம் முக்கியம். தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமை பற்றிய வழமை, 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்தது. 1911, 1947 சட்டங்கள் அதைத் திருத்தி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தன. அதன் கீழ் வருகிறவர்களுக்கு ஒரு காணி முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்பதுதான் முதல் கேள்வி. ஐயாவின் மரணசாதனம் ஐயாவின் சொத்தைத்தான் கொடுக்க முடியும். அம்மாவின் சீதனத்தை அல்ல. கலியாணத்துக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கிய தேடியதேட்டம் என்றால், உயிரோடிருக்கும் துணையின் பங்கு என்ன என்ற கேள்வியும் உடனே எழும். அதை உறுதியையும் வாங்கிய காலத்தையும் பார்த்து ஒரு சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டு விறாந்தையில் கூடும் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். ஆகவே பங்கு பிரிக்கும் பேச்சுக்கு முன்னால் ஒவ்வொரு உறுதியையும் எடுத்து மேசையில் வையுங்கள். தாமதத்தால் எங்களுக்கு வந்த ஒரே நன்மை, இந்தப் பிழை உறுதி எழுதுவதற்கு முன்னால் அகப்பட்டது.

பிறகு கடிதம். சட்டத்தரணியின் கடிதம் போனால் அன்றோடு உறவு அறுந்துவிடும் என்று அம்மா அழுதார். அதனால் முதல் கடிதத்தை நானே எழுதினேன், தம்பியும் கையெழுத்து வைத்து அனுப்பினான். "அன்புள்ள அத்தானுக்கு" என்றுதான் தொடங்கினேன். குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. புறோபேற் திகதி, வழக்கிலக்கம், பன்னிரண்டு மாதம் கடந்துவிட்டது என்ற செய்தி. பிறகு நாலே கேள்விகள்: இதுவரை வந்த வாடகை எவ்வளவு, குத்தகை எவ்வளவு, நிலையான வைப்பு இப்போது யாருடைய பெயரில் எந்தக் கணக்கில் இருக்கிறது, செலவுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா. பதில் தர ஒரு மாதம். பதிவுத் தபாலில் அனுப்பினேன். அடுத்த தெருவில் இருப்பவருக்குப் பதிவுத் தபால் எதற்கு என்று தபால் ஊழியரே சிரித்தார். அந்தத் துண்டுச்சீட்டுத்தான் பின்னர் நீதிமன்றத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது.

கடிதம் கிடைத்த அன்று அக்கா தொலைபேசி எடுத்து, "நீ என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றாள். கேட்டிருக்கிறேன், பலமுறை. அதைச் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் என்னோடு கதைக்க நெடுநாள் ஆயிற்று.

பதிலாக அத்தான் ஒரு சி.ஆர். கொப்பியைக் கொடுத்தனுப்பினார். மனிதர் எழுதித்தான் வைத்திருக்கிறார்! நீல மையில், ஐயாவின் எழுத்தைப் போலவே சாய்ந்த எழுத்தில். வரவுப் பக்கம் சுத்தம். வாடகை ஒரு மாதமும் தவறவில்லை. செலவுப் பக்கத்தில்தான் வாசிக்க வாசிக்கக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தோட்டக்காணிக்கு ஒவ்வொரு வருடமும் "வேலி அடைத்தது" என்று ஒரு தொகை. அந்தக் காணிக்கு மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் ஒழுங்கை. "கச்சேரி அலுவல்" என்று பல இடங்களில்; என்ன அலுவல் என்று இல்லை. "வாகனம்". "சில்லறை". ஆனால் அம்மா கண் சத்திரசிகிச்சைக்குப் போன மாதத்தில் ஒரு செலவும் எழுதப்படவில்லை. அந்தக் காசை அத்தான் தன் சொந்தப் பணத்தில் கட்டியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். பற்றுச்சீட்டு வைக்காத மனிதர் தனக்குச் சாதகமான செலவையும் இழந்துவிடுகிறார். நிறைவேற்றுநராக இருப்பவர் யாராவது இதை வாசித்தால், கணக்கு உங்களைப் பிடிக்க வைத்த பொறி அல்ல, உங்களைக் காப்பாற்றுவதும் அதுதான் என்று சொல்லுவேன்.

கொப்பி கொப்பிதான், இறுதிக் கணக்கு அல்ல. அதனால் நீதிமன்றம் போனோம். புதிய வழக்கு ஒன்றும் போடவில்லை. பலர் இந்த இடத்தில்தான் பயந்து நின்றுவிடுகிறார்கள். புறோபேற் கொடுத்த அதே வழக்கில், அதே இலக்கத்தில், உரித்தாளர் என்ற முறையில் நாங்கள் சட்டத்தரணி மூலம் மோஷன் (விண்ணப்பம்) வைத்தோம்: காலம் கடந்துவிட்டது, இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கட்டளையிட வேண்டும், சொத்து விபரப் பட்டியலைத் திருத்த வேண்டும். அத்தானுக்கு அறிவித்தல் போனது. அவர் சட்டத்தரணி கால அவகாசம் கேட்டார், நீதிமன்றம் கொடுத்தது. இன்னும் கேட்டார், இன்னும் கொடுத்தது, ஆனால் இம்முறை திகதி குறித்து. வேகமாக நடக்கும் காரியம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனாலும் "திருவிழா முடியட்டும்" என்பதை மாவட்ட நீதிபதியிடம் சொல்ல முடியாது அல்லவா?

எங்களைச் சுற்றி இருந்தவர்கள் இரண்டு யோசனைகள் சொன்னார்கள். ஒன்று, புறோபேற்றையே இரத்துச் செய்யுங்கள். அப்படி ஒரு வழி இருக்கிறது. நீதிமன்றம் தான் கொடுத்ததைத் திருப்பி அழைக்கலாம், வேறொருவரை நியமிக்கலாம். ஆனால் அதற்குக் காரணத்தை நிரூபிக்க வேண்டும், புதியவர் திரும்பவும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். காசைச் சுருட்டுகிறார், காணியை இரகசியமாக விற்கப் பார்க்கிறார் என்று ஆதாரம் இருந்தால் தயங்கக் கூடாது. சோம்பலுக்கும் அதிகார ருசிக்கும் அது தேவையில்லாத மருந்து. எங்கள் அத்தானுக்கு இருந்தது இரண்டாவது. பெரியகடை வியாபாரிகள் "முதலாளி" என்று கூப்பிடுவது அவருக்குப் பிடித்திருந்தது.

மற்றது, "பத்து வருடம் போனால் காணி அவருக்கே சொந்தம்" என்ற பயமுறுத்தல். பத்து வருட ஆட்சி உரிமை 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் கூட்டு உரித்தாளர் ஒருவர் காணியில் இருப்பது எல்லாருக்குமாக இருப்பதாகவே கொள்ளப்படும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து அவர்களை ஒதுக்கினால் ஒழிய அந்தக் காலம் ஓடாது. இது இலண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் எங்களுக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த காலத்திலேயே தீர்ந்துபோன விடயம். பொறுப்பாக வைத்திருப்பவரின் நிலையும் சொந்தக்காரரின் நிலை அல்ல. போர்க்காலத்தில் தம் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் தனியாக ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டமும் வந்தது. அது வேறு கதை. பயப்பட வேண்டாம், ஆனால் மௌனமாகவும் இருக்க வேண்டாம். உங்கள் உரிமையைச் சொல்லும் கடிதம் வருடத்துக்கு ஒன்றாவது கோப்பில் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். தம்பி கனடாவுக்குத் திரும்பும்போது தன் அற்றோணித் தத்துவத்தை (தனக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரத்தை) அத்தானுக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கொடுக்க வேண்டியவரும் அத்தான், தம்பிக்காக வாங்க வேண்டியவரும் அத்தான் என்றால் யார் யாரைக் கேள்வி கேட்பது? முதலில் அதை இரத்துச் செய்வித்தோம். ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போய் என் பெயருக்குப் புதிதாக எழுதி, இங்கே பதிவு செய்தோம். காணியைத் தம்பியின் பெயருக்கு மாற்றுவதற்கும், காசைப் பெறுவதற்கும் என்று அதிகாரத்தைக் குறுக்கி எழுதச் சொன்னேன்; விற்கும் அதிகாரம் வேண்டாம் என்று நானே மறுத்துவிட்டேன். இன்னொன்று: ஐயா உயிரோடு இருந்தபோது கடை வாடகை வாங்க அத்தானுக்குக் கொடுத்த தத்துவம் ஒன்றைக் கடைக்காரரிடம் அவர் நெடுநாள் காட்டிக்கொண்டிருந்தார். கொடுத்தவர் இறந்த அன்றே அந்தக் காகிதத்தின் உயிரும் போய்விட்டது. அதன் பிறகு அவர் வாங்கியது நிறைவேற்றுநர் என்ற முறையில்தான், ஆகவே அதுவும் கணக்கில் வர வேண்டும்.

நிறைவேற்றுநர் புறோபேற்றுக்கே போகாமல் மரணசாதனத்தை வைத்துக்கொண்டிருந்தால்? எங்களுக்கு அது நேரவில்லை, எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு நேர்ந்தது. மரணசாதனம் யார் கையில் இருந்தாலும் அதை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும்; பெயர் குறிக்கப்பட்டவர் முன்வராவிட்டால் உரித்தாளர் ஒருவரே மரணசாதனம் இணைத்த நிருவாகத் தத்துவத்துக்கு, அதாவது நிறைவேற்றுநருக்குப் பதிலாகச் சொத்தை நிருவகிக்கும் அதிகாரத்துக்கு, விண்ணப்பிக்கலாம். காத்திருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. விற்பனை விடயத்திலும் ஒன்றைப் பாருங்கள்: மரணசாதனம் அவருக்கு விற்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறதா, நீதிமன்றம் ஏதேனும் கட்டுப்பாடு வைத்திருக்கிறதா என்று. விற்பார் என்ற சந்தேகம் இருந்தால் காணிப் பதிவகத்தில் எச்சரிக்கைப் பதிவு போடுவது பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இறுதிக் கணக்கு ஒருவழியாகத் தாக்கலாயிற்று. மதிலுக்கு அடைத்த வேலிகளைச் சட்டத்தரணிகள் இருவரும் சிரித்துக்கொண்டே வெட்டினார்கள். நிறைவேற்றுநருக்குச் சட்டம் அனுமதிக்கும் கழிவு, உச்சமாக நூற்றுக்கு மூன்று, அதை அத்தானுக்குக் கொடுக்க நாங்கள் மறுக்கவில்லை. வேலை செய்தவருக்குக் கூலி உண்டு. அம்மாவின் சத்திரசிகிச்சைச் செலவையும் நாங்கள் மூவரும் ஏற்றுக்கொண்டோம். வட்டி கேட்பதில்லை என்று முடிவெடுத்தோம். ஆனால் அதை வாய்ச்சொல்லாக விடாமல் வழக்கேட்டிலேயே எழுதிப் பதியச் சொன்னாள் என் மாணவி. நாளைக்கு யாருடைய பிள்ளைகளும் அதைக் கிளறக் கூடாது என்பது அவள் நியாயம்.

சீதனத் துண்டு பட்டியலில் இருந்து நீங்கியது. உரும்பிராய்க் காணி தம்பி பெயரில் பதிவாயிற்று. உறுதி எழுதிய அன்று நொத்தாரிசுவின் விறாந்தையில் அக்கா எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, கடையின் கூரைத் தகரம் ஒழுகுகிறதாம், அதை யார் மாற்றுவது என்று கேட்டாள். கடை வாடகை இப்போது எங்கள் இருவர் பெயரிலும் உள்ள கணக்குக்கு நேரே போகிறது. கடைக்காரர் இருவரிடமும் தனித்தனியாகப் பற்றுச்சீட்டுக் கேட்கிறார். நானும் அக்காவும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கிறோம்.